சருகு புரட்டாதவள்

பறவைகளுக்கும் நம்மைப் போலவே வாயும் வார்த்தையும் வாய்த்திருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்து ஓடைக்கரையில் தவிட்டுக்குருவிக் குடும்பம் ஒன்று இருந்தது. தவிட்டு நிற உடம்பு, மஞ்சள் அலகு, வெளிறிய கண். மொத்தம் ஏழு பேர்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்தில் எதை முடிவு செய்வதென்றாலும் எல்லோரும் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். விஷயத்தைப் பேசுவார்கள். சம்மதம் என்றால் முன்னால் கிடக்கும் சருகு ஒன்றை அலகால் கவ்விப் புரட்டிப் போட வேண்டும். ஏழு சருகும் புரண்டால்தான் முடிவு. ஆறு புரண்டு ஒன்று அப்படியே கிடந்தால் எதுவும் நடக்காது. புரட்டாதவரைத் திட்டக் கூடாது. அவரை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து கழுத்து இறகைக் கோதிவிடுவார்கள். பூச்சி பிடித்து வந்து ஊட்டுவார்கள். அவர் மனசு இளகிச் சருகைப் புரட்டும்வரை காத்திருப்பார்கள்.

நல்ல வழக்கம்தான். ஆனால் நேரம் பிடிக்கும். நாலு பேர் இருக்கிற வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். ஏழு பேர் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதிலும் சடையன் இருக்கிற வீடு. சடையன்தான் அந்தக் குடும்பத்தில் மூத்தவர், மற்றவர்களுக்குத் தாய்மாமன். எந்த முடிவாக இருந்தாலும் அவர் சருகு கடைசியில்தான் புரளும். புரட்டுவதற்கு முன்னால் தலையைச் சாய்த்துச் சருகுக்கு அடியில் பார்ப்பார்.

“என்ன மாமா பாக்குறீங்க?”

“பூச்சி இருந்தா ஒரு யோசனை, இல்லாட்டி ஒரு யோசனை.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே புரட்டாமல் நகர்ந்துவிடுவார்.

போன கோடையில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஓடை வற்றியதும் அக்கரைத் தோப்புக்குப் போய்விடலாம் என்று பேச்சு வந்தது. அன்று அவர்கள் எட்டுப் பேர். ஏழு சருகு புரண்டுவிட்டது. “மழை வரும், பொறுங்க” என்று சடையன் மட்டும் புரட்டவில்லை. இறகு கோதினார்கள், பூச்சி ஊட்டினார்கள். மூன்றாம் நாள்தான் புரட்டினார். அதற்குள் அவருடைய சொந்த அக்கா, வயசானவள், தாகத்தில் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டாள். அவளுக்குப் பெண்கள் இருவர். மூத்தவள் நெட்டச்சி, இளையவள் குருந்தாயி. அவர்களுக்குப் பின் கடைசி ஈட்டில் பிறந்த இளசுகள் மூன்று.

நெட்டச்சி அன்றைக்கு மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததெல்லாம் தொண்டையிலேயே இருந்தது.

மழை பெய்து ஓடையில் ஊற்று கண் திறந்தபின் குடும்பம் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அடுத்த பங்குனியில் குருந்தாயி இலந்தைப் புதரில் கூடு கட்டினாள். அவள் புருஷன் பொரிச்சான் வேர் கொண்டுவந்தான், இளசுகள் நார் கொண்டுவந்தன, நெட்டச்சி உள்ளே உட்கார்ந்து சுற்றிச் சுற்றிக் குழி செய்து கொடுத்தாள். மூன்று முட்டை, நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். மூன்றும் பொரிந்தன. தவிட்டுக்குருவிகளுக்குக் குஞ்சு என்றால் பெற்றவளுக்கு மட்டும் குஞ்சு இல்லை, குடும்பத்துக்கே குஞ்சு. ஏழு பேரும் இரை தேடிக் கொண்டுவந்து வாயில் வைப்பார்கள். ஒருவர் உச்சிக் கிளையில் காவல் இருப்பார். கூட்டுப் பக்கம் எது தலையை நீட்டினாலும் ஏழு பேரும் ஒன்றாகப் பாய்ந்து கத்திக் கொத்தி விரட்டுவார்கள்.

குஞ்சுகள் கண் திறந்து, இறகுக் குருத்து வெளியே வந்த சமயத்தில் மலையில் தீப் பிடித்தது.

முதல் நாள் புகை மட்டும் தெரிந்தது. பகலெல்லாம் மலை முகட்டில் சாம்பல் மேகம் மாதிரி நின்றது. மரத்தடியில் கூடினார்கள்.

“காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது. அக்கரைத் தோப்புக்குப் போயிடணும்” என்றாள் நெட்டச்சி.

தோப்பு கிட்டத்தில் இல்லை. ஓடையைத் தாண்டி, அகலமான ஆற்று மணலைக் கடக்க வேண்டும். தவிட்டுக்குருவிக்குச் சிறகு குட்டை. பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும் தூரம். இறகு விரியாத குஞ்சை எதில் தூக்கிப் போவது?

ஐந்து சருகு புரண்டது. சடையன் வழக்கப்படி அடியில் எட்டிப் பார்த்துவிட்டு மெல்லப் புரட்டினார். குருந்தாயி தன் முன்னால் கிடந்த இலந்தைச் சருகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அஞ்சு நாள் போதும். அஞ்சு நாள்ல கிளை தாவிடும், ஒவ்வொரு புதரா கூட்டிட்டுப் போயிடலாம். நான் எப்பவும் புரட்ட மாட்டேன்னு சொல்லலை. தீ வந்தா நானே முதல் ஆளா புரட்டுறேன்.”

“தீ வந்தப்புறம் புரட்டுறதுக்குச் சருகு இருக்காதுடி” என்றாள் நெட்டச்சி.

வழக்கப்படி எல்லோரும் குருந்தாயியை ஒட்டி உட்கார்ந்தார்கள். நெட்டச்சியே தங்கையின் கழுத்தைக் கோதிவிட்டாள். இளசுகளில் வாயாடியான சில்லான் ஒரு பச்சைப் புழுவைக் கொண்டுவந்து நீட்டினான். குருந்தாயி அதை வாங்கினாள். வாங்கியவள் தின்னவில்லை. நேராகக் கூட்டுக்குக் கொண்டுபோய்க் கடைக்குட்டி வாயில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். அடுத்தவன் ஒரு வெட்டுக்கிளி கொண்டுவந்தான். அதுவும் கூட்டுக்குப் போனது.

“இப்படிக் குடுத்தா நாம அவளைச் சமாதானப்படுத்தின மாதிரி இல்ல, குஞ்சு வளத்த மாதிரிதான் இருக்கு” என்றான் சில்லான்.

“குடு, பரவால்ல. அதுவும் நம்ம குஞ்சுதானே” என்றார் சடையன்.

ஒரு நாள் போனது.

மறுநாள் காலையில் நெட்டச்சி ஓடை ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். அங்கே ஒரு சூறைக்குருவி தனியாகக் குடித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் எங்கோ வடதிசையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து சோளக்காட்டில் இறங்கும் பறவை அது. உடம்பு ரோசா நிறம், தலை கறுப்பு. இவள் பெயர் கருந்தலைச்சி.

“நீங்க போகலையா? புகை வருதே” என்று நெட்டச்சி கேட்டாள்.

“நாளைக்குக் கிளம்புறோம். காலையில முடிவாயிட்டு.”

“எத்தனை நாள் பேசினீங்க?”

“நாளா? ஒரு சிறகடிக்கிற நேரம். ஆலமரத்துல பத்தாயிரம் பேர் உக்காந்திருக்கோம். போகலாங்கிறவங்க எழும்புவாங்க. பாதிக்கு மேல எழும்பிட்டா அதான் முடிவு. மிச்சப் பேரும் அந்தப் பக்கமே திரும்பிடுவாங்க.”

“திரும்ப மாட்டேங்கிறவங்களை என்ன பண்ணுவீங்க?”

கருந்தலைச்சி தலையை நனைத்து உதறினாள். “அப்படி யாரும் இருக்கிற மாதிரி தெரியல. இருந்தாலும் பத்தாயிரத்துல யாருக்குத் தெரியும்?”

“உன் கூடப் பொறந்தவங்களும் உங்கூடத்தான் வர்றாங்களா?”

“ஒரு தங்கச்சி உண்டு. ரெண்டு வருசமாப் பாக்கல. கூட்டத்துல எங்கியாவது இருப்பா.” சொல்லிவிட்டு இன்னொரு வாய் தண்ணீர் குடித்தாள். “உங்க வீட்டுல எப்படி?”

நெட்டச்சி சொன்னாள். கருந்தலைச்சிக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. “ஒருத்திக்காக ஆறு பேர் தீயில நிக்கிறதா? ஆறு பெரிசா ஒண்ணு பெரிசா?”

அந்தக் கேள்வியை நெட்டச்சி வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தாள். தங்கச்சியைப் பற்றிச் சொன்னதை ஊற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி கூடினார்கள். புகை இப்போது மலைச் சரிவில் பாதிக்கு இறங்கியிருந்தது. நடுநடுவே சாம்பல் துகள் காற்றில் மிதந்து வந்து இலந்தை இலைமேல் உட்கார்ந்தது.

“இனிமே ஏழு சருகும் புரளணும்னு இல்ல. எத்தனை புரளுதுன்னு எண்ணுவோம். எது அதிகமோ அது முடிவு” என்றாள் நெட்டச்சி.

சடையன் நிமிர்ந்தார். “எண்ணுறதா? நம்ம வீட்டுல அப்படி வழக்கம் இல்லையே தாயி.”

“வழக்கம்னு சொல்லித்தான மாமா எங்க அம்மாவை மரத்தடியில கிடத்துனீங்க.”

சடையனின் வெளிறிய கண் ஒரு தடவை மூடித் திறந்தது. அவர் குனிந்தார். அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. தன் முன்னால் கிடந்த சருகைக் கவ்விப் புரட்டிப் போட்டார். அவர் ஆயுசில் முதல் ஆளாகப் புரட்டியது அன்றைக்குத்தான்.

நெட்டச்சி புரட்டினாள். இளசுகள் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு புரட்டின.

பொரிச்சான் நின்றான்.

“மச்சான்” என்றாள் குருந்தாயி.

“நாம ரெண்டு பேர் மட்டும் இருந்து மூணையும் காப்பாத்த முடியாது குருந்தாயி. தீ வந்தா எல்லாருமே போயிடுவோம். அக்கரையில போய் இன்னொரு கூடு கட்டிக்கலாம்.”

“கட்டலாம். அந்தக் கூட்டுல இந்த மூணும் இருக்காது.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சருகைப் புரட்டினான். புரட்டிய சருகு காற்றில் பழையபடி திரும்பிக்கொண்டது. இன்னொரு தடவை புரட்டினான்.

“ஆறு” என்று எண்ணினாள் நெட்டச்சி. “முடிஞ்சுது. குருந்தாயி, நீயும் கிளம்பு. முடிவுன்னா எல்லாருக்கும்தான்.”

“நீங்க போங்கக்கா.”

“நான் உன்னை விட்டுட்டுப் போறேன்னு நினைக்காத. நீதான் வரமாட்டேங்கிற.”

“நான் ஒண்ணும் நினைக்கல. வெயில் ஏறுறதுக்குள்ள ஆத்தைத் தாண்டிடுங்க. இளசுங்களுக்கு மணல் சூடு தாங்காது.”

ஆறு பேரும் ஒரே சமயத்தில் சிறகை விரித்தார்கள், ஒரே சமயத்தில் எழும்பினார்கள். அந்த நாளில் அவர்கள் அப்படித்தான் பறப்பார்கள், ஒரு கை விரல்கள் சேர்ந்து அசைவது போல. குருந்தாயி கூட்டு ஓரத்தில் நின்று பார்த்தாள். ஓடை தாண்டும்வரை பொரிச்சான் எது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

அக்கரைத் தோப்பில் நிழல் இருந்தது, ஈரம் இருந்தது. ஒவ்வொரு சருகுக்கு அடியிலும் பூச்சி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் யாரும் சரியாகத் தின்னவில்லை. கிளையில் வரிசையாக ஒட்டி உட்கார்ந்தபோது பொரிச்சானுக்கும் நெட்டச்சிக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து அதை மூடவில்லை. சூறைக்குருவிக் கூட்டத்தில் பத்தாயிரத்தில் ஒன்று குறைந்தால் எண்ணுகிறவருக்கே தெரியாது. ஏழில் ஒன்று குறைந்தால் எண்ணத் தேவையில்லை, விலாவில் காற்று படும்.

பொழுது விடிந்ததும் முதலில் பார்த்தவன் சில்லான்தான். “புகையைக் காணோம்.”

எல்லோரும் உச்சிக் கிளைக்குப் போய்ப் பார்த்தார்கள். மலை கறுத்துக் கிடந்தது. அதற்கு மேல் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது.

“காத்து திரும்பிடுச்சு, போவோம்” என்றான் பொரிச்சான்.

“புகை அடங்கினா தீ அடங்கினதுன்னு அர்த்தமா? அடியில கங்கு கிடக்கும். இன்னும் ஒரு நாள் பாப்போம்” என்றாள் நெட்டச்சி.

“மதினி, அங்க அவ ஒத்தையில இருக்கா.”

“இங்க இளசு மூணு இருக்கு. அதையும் நான்தான பாக்கணும்?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா போனபின் அந்த மூன்றையும் வளர்த்தவள் அவள். இன்னொன்றை இழக்க அவளுக்குத் தெம்பில்லை. பயத்துக்குக் கணக்குத் தெரியாது.

மரத்தடியில் கூடினார்கள். புதுவழக்கப்படி எண்ணுவது என்று முடிவு. போகலாம் என்பவர்கள் புரட்டினார்கள். பொரிச்சான் ஒன்று. சடையன் ஒன்று. சில்லான் ஒன்று. நெட்டச்சி புரட்டவில்லை. மற்ற இரண்டு இளசுகளும் அவளை ஒட்டிக்கொண்டு நின்றன.

“மூணு” என்றான் சில்லான்.

“இந்தப் பக்கமும் மூணு” என்றாள் நெட்டச்சி.

அப்புறம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு தடவை எண்ணினார்கள். இந்தக் கோடியிலிருந்து எண்ணினால் மூன்று, அந்தக் கோடியிலிருந்து எண்ணினால் மூன்று. சில்லான் தன் சருகைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி புரட்டிப் பார்த்தான். அப்போதும் மூன்றுதான். பழைய வழக்கமாக இருந்தால் புரட்டாதவரின் கழுத்தைக் கோதிவிடலாம். இப்போது யார் யாரைக் கோதுவது? மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஒருவரையொருவர் தொடாமல் இருந்தது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

“ஏழாவது ஆள் இருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்” என்றான் சில்லான். சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

மத்தியானம் வானத்தில் இரைச்சல் கேட்டது. சூறைக்குருவிக் கூட்டம், போர்வையை உதறியது போல் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நெட்டச்சி பதறி உச்சிக் கிளைக்கு ஏறினாள்.

“கருந்தலைச்சி... கருந்தலைச்சி... ரெண்டு பக்கமும் சமமா வந்தா என்ன செய்வீங்க?”

அத்தனை கறுத்த தலையில் எது அவள் என்று யார் கண்டது? ஆனாலும் ஒரு குரல் மேலிருந்து வந்தது. “சமமாவா? எங்களுக்கு அப்படி வந்ததே இல்லையே.” அதற்குள் கூட்டம் மேற்கே திரும்பியது. அந்தக் குரலும் திரும்பிவிட்டது.

பொழுது சாய்ந்தது. சருகுகள் மூன்று புரண்டும் மூன்று புரளாமலும் கிடந்தன. எழுந்து போய்த் தூங்கினார்கள்.

மறுநாள் காலையில் அதே மரத்தடி, அதே சருகு. நெட்டச்சி வாயைத் திறந்தாள், எண்ணுவதற்கு. சடையன் எழுந்து நின்றார்.

“மாமா, எங்க?”

“எங்கக்கா தாகத்துல கிடந்தப்ப ஏழு பேர் புரட்டியும் நான் புரட்டாம உக்காந்திருந்தேன். நீங்க ஏழு பேரும் எனக்காகக் காத்துக் கிடந்தீங்க. அன்னிக்கு உங்கள்ல ஒருத்தர் என்கிட்டக் கேக்காமக் கிளம்பியிருந்தா, நான் ‘ஐயோ’ன்னு பின்னாலயே வந்திருப்பேன். இப்ப நான் யார்கிட்டயும் கேக்கல. வர்றவங்க வாங்க.”

சொல்லிவிட்டு அவர் பறந்தார். தனியாக. இடம் மாறும்போது தவிட்டுக்குருவி எதுவும் அதுவரை செய்யாத காரியம். தோப்பு ஓரத்துப் புதரில் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தார். பொரிச்சான் எழும்பிப் போனான். இருவரும் அடுத்த புதருக்கு நகர்ந்து குரல் கொடுத்தார்கள். சில்லான் போனான். பிறகு ஓர் இளசு. பிறகு இன்னொன்று. கடைசியில் நெட்டச்சி. அவர்கள் சேர்ந்து பறக்கவில்லை. ஒருவர் போன வழியில் ஒருவராக மணலைத் தாண்டினார்கள்.

தீ மலைச் சரிவிலேயே நின்றுவிட்டிருந்தது. எதிர்க்காற்றில் கீழே இறங்க அதற்குக் காலில்லை. இலந்தைப் புதர் பச்சையாக அப்படியே இருந்தது. இலைமேல் சாம்பல் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

குருந்தாயி கூட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அலகில் ஒரு வெட்டுக்கிளி. அது இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் ஒரு பக்கம் இறகே இல்லை, தோல் தெரிந்தது.

பொரிச்சான் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான். நெட்டச்சி சுற்றிச் சுற்றி உட்கார்ந்து குழித்துக் கொடுத்த அந்தக் குழியில் ஒன்றுமில்லை.

குருந்தாயி வெட்டுக்கிளியைக் கீழே வைத்தாள். அது தத்தித் தத்திப் போய்விட்டது.

“எப்ப?” என்றான் பொரிச்சான்.

“நேத்து மத்தியானம்.”

நேற்று மத்தியானம். தோப்பு மரத்தடியில் அவர்கள் இந்தக் கோடியிலிருந்து மூன்று, அந்தக் கோடியிலிருந்து மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரம்.

அவர்கள் போன அன்று சாயங்காலமே காற்று திரும்பிவிட்டது. சாம்பல்தான் கொட்டியது. குருந்தாயி குஞ்சுகள்மேல் விழுந்த சாம்பலை அலகால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். தீ வராது என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் மூன்று வாயும் திறந்தபடி இருந்தன. ஏழு பேர் ஊட்டிப் பழகிய வாய்கள். இரை தேடப் போனால் காவலுக்கு ஆளில்லை. காவல் இருந்தால் இரைக்கு ஆளில்லை. போகலாமா இருக்கலாமா என்று ஒவ்வொரு தடவையும் அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். சம்மதம் சொல்லவும் ஆளில்லை, வேண்டாம் என்று மறிக்கவும் ஆளில்லை. கூப்பிடு தூரத்துக்குள்ளேயே பறந்து கிடைத்ததைக் கொண்டுவந்தாள். ராத்திரி தாண்டி விடிந்தபோது மூன்றும் உயிரோடு இருந்தன. இன்றைக்கு வந்துவிடுவார்கள் என்று குஞ்சுகளிடம் சொன்னாள்.

மத்தியானம், குஞ்சு தின்னும் செம்போத்து வந்தது. செம்போத்து பறந்து வராது. திருடன் போல் புதருக்குள் நடந்தே வரும்.

“நான் கத்தினேன்க்கா” என்றாள் குருந்தாயி. “ஏழு பேர் கத்துற மாதிரி கத்தினேன். இந்தக் கிளையிலருந்து ஒரு தடவை, அந்தக் கிளையிலருந்து ஒரு தடவை, ஓடி ஓடிக் கத்தினேன். அது நின்னு பாத்துச்சு. அதுக்கும் எண்ணத் தெரியும் போல.”

நெட்டச்சி பக்கத்தில் வந்தாள். உட்காரலாமா என்று தெரியாதவள் போல் கிளையில் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

“தீ வரும்னுதான்டி நான்...”

“வந்திருக்கலாம்க்கா. வந்திருந்தா நீ சொன்னதுதான் சரி.”

“நேத்துக் காலையிலயே வந்திருப்போம். மூணு பேர் ஒரு பக்கம், மூணு பேர்...”

“சரி விடு.” குருந்தாயி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாமா, புருஷன், சில்லான், மற்ற இரண்டு பேர், அக்கா. “ஆறு பேரும் இருக்கீங்க. இளசுங்க காலு சுடலையே?”

அதைக் கேட்டபின்தான் நெட்டச்சி அழுதாள். போன கோடையிலிருந்து தொண்டையில் நின்றதெல்லாம் அன்றைக்கு வந்தது. அவளுக்கு ஒரு பக்கம் சடையனும் மறு பக்கம் குருந்தாயியும் ஒட்டி உட்கார்ந்தார்கள். இறகு இல்லாத அந்தக் கழுத்தைக் கோத முடியாமல் பொரிச்சான் பக்கத்து இறகைக் கோதிக்கொண்டிருந்தான்.

அந்தப் புதரில் அவர்கள் எட்டு நாள் இருந்தார்கள். இரை தீர்ந்தது. வேறு இடம் போயாக வேண்டும். மரத்தடியில் கூடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஏழும் புரள வேண்டும் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு காலையில் சடையன் பேசாமல் எழும்பிப் பத்தடி தள்ளியிருந்த காரைச் செடியில் போய் உட்கார்ந்து குரல் கொடுத்தார். சில்லான் போனான். இளசுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நெட்டச்சி போனாள். பொரிச்சான் போனான்.

குருந்தாயி கூட்டு ஓரத்திலேயே இருந்தாள்.

ஆறு பேரும் காரைச் செடியில் இருந்து கூப்பிட்டார்கள். வா என்று சொல்லவில்லை. ‘இங்கதான் இருக்கோம், இங்கதான் இருக்கோம்’ என்று மட்டும் சொன்னார்கள். வெயில் ஏறியது. ஒருவர் தொண்டை கட்டினால் மற்றவர் எடுத்துக்கொண்டார். இளசுகளுக்குப் பசித்தது. அடுத்த புதரில் கம்பளிப்பூச்சி நெளிவது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் அங்கே தாவவில்லை. பொழுது உச்சியைத் தாண்டியபின் குருந்தாயி எழுந்து, கூட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, குட்டைச் சிறகை அடித்து அவர்களிடம் வந்து சேர்ந்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் ஆறு பேரும் நெருக்கியடித்து நகர்ந்து அவளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். அப்புறமும் கொஞ்ச நேரம் கத்தினார்கள்.

அந்தப் பங்குனியில் தொடங்கியதுதான், தவிட்டுக்குருவிகள் சேர்ந்தாற்போல் எழும்பிப் பறக்காமல், கேட்காமல் ஒன்று முன்னே போக, மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் போவது. கடைசிக் குருவி வேலி தாண்டி வந்து சேரும்வரை முன்னால் போனவை வாய் ஓயாமல் கத்திக்கொண்டே காத்திருக்கும். நாம்தான் அந்தச் சத்தத்தைச் சண்டை என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.